பிலினைப் போட்டோம், காஸாவை வெட்டினோம்

"பிலின்லயும்தான் கல்லெறிஞ்சாங்க சார்."

காஸாவில் கல்லெறிந்தார்கள் என்று கட்டுரையில் ஒரு பத்தியை நான் வெட்டியபோது எங்கள் பத்திரிகையின் உதவி ஆசிரியர் சொன்னது இது. இதற்கு நான் சொன்ன பதில், "இடம் இல்லம்மா." அத்தோடு பக்கம் அச்சுக்குப் போய்விட்டது.

2018 அக்டோபர் 2, காந்தி 150 சிறப்புப் பக்கம். இஸ்ரேல் பிடியிலுள்ள மேற்குக் கரையில் இருக்கும் பிலின் என்ற பாலஸ்தீனக் கிராமத்தைப் பற்றி எங்கள் உதவி ஆசிரியர் எழுதியிருந்தார். 2005 முதல் வெள்ளிதோறும் தொழுகை முடிந்ததும் ஊர் மக்கள், தங்கள் நிலத்தைப் பிரித்து இஸ்ரேல் போட்ட தடுப்பு வேலியை நோக்கி நடந்தார்கள். இஸ்ரேலியர்கள் சிலரும் வந்து கூடவே நடந்தார்கள். 2007இல் இஸ்ரேல் உச்ச நீதிமன்றம் வேலியின் பாதையை மாற்றச் சொன்னது. 2011இல் வேலி நகர்ந்தது, நிலத்தில் ஒரு பகுதி திரும்பக் கிடைத்தது. கட்டுரையின் கடைசிப் பத்தி காஸா. அந்த ஆண்டு மார்ச் 30 முதல் இஸ்ரேல் எல்லையோரம் பாலஸ்தீனர்கள் நடத்திக்கொண்டிருந்த பேரணி, அமெரிக்கத் தூதரகம் ஜெருசலேமில் திறக்கப்பட்ட மே 14 அன்று மட்டும் சுமார் 60 பேர் கொல்லப்பட்டது. அந்தப் பத்தியைத்தான் வெட்டினேன்.

காஸாவில் டயர் எரித்தார்கள், கல்லெறிந்தார்கள், தீ வைத்த பட்டம் விட்டார்கள், ஆயுத இயக்கமான ஹமாஸ் உள்ளே இருந்தது. காந்தி பக்கத்தில் இது வந்தால் காலையிலிருந்து போன் ஓயாது என்றேன். இதில் எது பொய்? மேட்டர் நீளம் என்பதும் உண்மைதான். கீழே கால் பக்கம் பட்டுப்புடவை விளம்பரம், அதில் கைவைக்க எனக்கு அதிகாரம் கிடையாது.

அவர் கேட்டது வேறு. "பிலினை மட்டும் போட்டா, ஒழுங்கா போராடினவங்க ஜெயிச்சாங்க, மத்தவங்க ஒழுங்கா போராடலன்னுதானே சார் படிப்பாங்க?"

அப்படித்தான் படித்திருப்பார்கள். ஆனால் பிலின்காரர்களின் உறுதி மட்டும் வேலியை நகர்த்தவில்லை. வழக்குப் போட ஒரு நீதிமன்றம் இருந்தது, கூட வந்து அடிவாங்க இஸ்ரேலியர்கள் இருந்தார்கள், கேமராக்கள் இருந்தன. அப்படியும் 2009இல் பாஸிம் அபூ ரஹ்மா கண்ணீர்ப்புகைக் குண்டு நெஞ்சில் பட்டு இறந்தார். காஸா வேலியில் எதிரே நின்றவர்கள் இஸ்ரேல் ராணுவத்தின் குறி பார்த்துச் சுடுபவர்கள். 2018இல் அந்தப் பேரணிகளில் 189 பேர் இறந்தார்கள், அதில் 183 பேர் துப்பாக்கிக் குண்டுக்கு என்று ஐ.நா. விசாரணைக் குழு பின்னர் சொன்னது. இஸ்ரேல் அந்த அறிக்கையை ஏற்கவில்லை.

இருந்தாலும் பிலினைப் போட்டது சரிதான். தோட்டம் திரும்பக் கிடைத்த விவசாயியிடம் போய், இது சின்ன வெற்றி என்று ஏசி அறைக்காரன் நான் சொல்ல முடியுமா?

காந்தியின் ஒத்துழையாமை பலிக்க வேண்டுமென்றால் எதிராளிக்கு நம்மிடம் ஏதாவது வேண்டியிருக்க வேண்டும். வெள்ளைக்காரனுக்கு நம் வரியும் நம் குமாஸ்தாவும் வேண்டியிருந்தது. 1989இல் பெத்லகேமுக்குப் பக்கத்திலுள்ள பெய்த் சாஹூர் என்ற பாலஸ்தீன ஊர் இஸ்ரேலுக்கு வரி கட்ட மறுத்தபோது, இஸ்ரேல் ராணுவம் ஊரை வாரக்கணக்கில் அடைத்து வீடு வீடாகச் சாமான்களை ஜப்தி செய்தது. அவ்வளவு கோபம் வந்ததென்றால் அடி பட வேண்டிய இடத்தில் பட்டிருக்கிறது. இஸ்ரேலும் பாலஸ்தீனத் தரப்பும் 1994இல் போட்ட பாரிஸ் பொருளாதார ஒப்பந்தத்துக்குப் பிறகு பாலஸ்தீனத்துக்குப் போகும் சரக்குகளுக்கான வரியை இஸ்ரேலே வசூலித்துக் கொடுக்கிறது, வேண்டாமென்றால் நிறுத்திவைக்கிறது. இனி யார் யாருக்கு வரி மறுப்பது? வேலைநிறுத்தமும் அப்படித்தான். 2023 அக்டோபருக்குப் பின் பாலஸ்தீனத் தொழிலாளர்களில் பெரும்பாலோருக்கு இஸ்ரேலில் வேலை செய்யும் அனுமதி நின்றுபோனது. அவர்கள் செய்த கட்டட வேலைக்கு ஹரியானாவிலும் உ.பி.யிலும் ஆள் எடுத்தார்கள். எங்கள் டெஸ்க்கில் அது வேலைவாய்ப்புச் செய்தி.

சரி, அப்போ அங்கே அகிம்சை எடுபடாது என்று முடித்துவிடலாம் என்றால், 2017 ஜூலை குறுக்கே வருகிறது. ஜெருசலேமிலுள்ள அல்-அக்ஸா மசூதி வளாகத்தின் வாசலில் இஸ்ரேல் மெட்டல் டிடெக்டர் வைத்தது. மக்கள் உள்ளே போக மறுத்து, தெருவிலேயே பாய் விரித்துத் தொழுதார்கள். இரண்டு வாரத்துக்குள் கருவிகள் போய்விட்டன. ஜோர்டான் கொடுத்த அழுத்தமும் சேர்ந்தது என்பதை மறைக்க வேண்டாம். ஆனால் கருவிகள் வந்ததே, அங்கே இரண்டு இஸ்ரேலிய போலீஸ்காரர்கள் சுட்டுக் கொல்லப்பட்டதால்தான். போராட்டத்துக்கு நடுவே கல்லெறியும் நடந்தது. நான் அன்று வைத்த அளவுகோலைப் பிடித்தால் இதற்கும் காந்தி பக்கத்தில் இடம் கிடைத்திருக்காது.