தொட்டில் ஸ்பிரிங்கைத் துள்ளவிட்டு அதன் விறைப்பை அளந்தது

தூளி கட்ட வாங்கிய இரும்பு ஸ்பிரிங் ஒன்று வீட்டில் சும்மா கிடந்தது. இத்தனை கிலோ வரை தாங்கும் என்று அட்டையில் போட்டிருக்கிறதே தவிர, எவ்வளவு விறைப்பானது என்று எங்கேயும் இல்லை. அது தெரிந்தால்தான் பிள்ளையின் எடைக்கு எவ்வளவு இறங்கும், நொடிக்கு எத்தனை முறை துள்ளும் என்று முன்கூட்டியே சொல்ல முடியும். எடையை மாட்டி ஸ்கேலால் அளக்கும் வழி எல்லோருக்கும் தெரிந்ததுதான், அதையும் செய்தேன், ஆனால் எனக்கு நம்பிக்கை வந்தது துள்ளவிட்டு நேரம் பார்த்த பிறகுதான்.

முதலில் ஸ்கேல் கதை. 4 கிலோ அரிசிப் பையை மாட்டினால் ஸ்பிரிங் 3.1 செ.மீ. நீள்கிறது. பள்ளிக்கூடக் கணக்குப்படி எடையை நீட்சியால் வகுத்தால் சுருள்வில் மாறிலி, அதாவது விறைப்பு, மீட்டருக்கு 1265 நியூட்டன். 10 கிலோவுக்கு 12.6 செ.மீ. நீள்கிறது, அதே கணக்கு இப்போது 780 என்கிறது. ஒரே ஸ்பிரிங்குக்கு எப்படி இரண்டு விறைப்பு? கிட்டப் போய்ப் பார்த்தால் விஷயம் புரியும். சும்மா தொங்கும்போது சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டி, நடுவில் ஒரு தாள்கூட நுழையாதபடி இறுகியிருக்கின்றன. இழுவைக்கான ஸ்பிரிங்குகளைத் தயாரிக்கும்போதே அப்படி இறுக்கிச் சுற்றிவிடுகிறார்கள். 1 கிலோவை மாட்டினால் துளிகூட அசைவதில்லை, 2 கிலோவைத் தாண்டிய பிறகுதான் சுற்றுகளுக்கு இடையே வெளிச்சம் தெரிகிறது. ராபர்ட் ஹூக் 1678-இல் வெளியிட்ட விதி, அதாவது நீட்சி எவ்வளவோ அதற்கேற்ற விசை என்பது, இந்த ஸ்பிரிங்கில் அதற்கு அப்புறம்தான் நடைமுறைக்கு வருகிறது. எனவே இரண்டு எடைகளின் வித்தியாசத்தை மட்டும் எடுக்க வேண்டும்: கூடுதல் 6 கிலோவுக்குக் கூடுதல் நீட்சி 9.5 செ.மீ., விறைப்பு 620.

துள்ளல் முறையில் இந்தத் தொல்லையே கிடையாது. பை மேலும் கீழும் ஆடும் வேகத்தைத் தீர்மானிப்பது, ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் விசை எவ்வளவு மாறுகிறது என்பது மட்டுமே. ஆரம்ப இறுக்கமோ புவியீர்ப்போ அந்தக் கணக்குக்குள் வருவதில்லை. 39.48-ஐ நிறையால் பெருக்கி, ஒரு அலைவுக்கு ஆகும் நேரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் விறைப்பு வந்துவிடும் (39.48 என்பது 4π², அதாவது வட்டக் கணக்கில் வரும் 3.14 என்ற π எண்ணின் வர்க்கத்தைப் போல் நான்கு மடங்கு). நேரம் இங்கே வர்க்கத்தில் வருவதால், அதில் ஒரு சதவீதம் பிசகினால் விறைப்பில் இரண்டு சதவீதம் பிசகும். ஒரே ஒரு துள்ளலை ஸ்டாப்வாட்ச்சில் பிடிக்கப் போனால் விரல் தாமதமே எல்லாவற்றையும் கெடுத்துவிடும், இருபது துள்ளல்களுக்குச் சேர்த்து எடுத்து வகுப்பதுதான் சரி. போனை அரிசி மேல் வைத்து, அதன் எடையையும் சேர்த்துக்கொண்டு, ஃபைபாக்ஸ் செயலியிலும் சரிபார்த்தேன். ஜெர்மனியின் ஆகன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் உருவான இலவசச் செயலி அது, ஸ்பிரிங்குக்கென்றே அதில் ஒரு சோதனை இருக்கிறது. 8 கிலோவுக்கு 1.38 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 1.38 துள்ளல், காட்டியது. எடைக்குத் தண்ணீர்க் குடம் வேண்டாம், உள்ளே தண்ணீர் தளும்பித் தனியாக ஆடும். அரிசியை இறுக்கிக் கட்டினால் போதும்.

இருபது துள்ளலுக்கு 4 கிலோ எடுத்தது 10.34 நொடி, 6 கிலோ 12.57, 8 கிலோ 14.45, 10 கிலோ 16.12. சூத்திரத்தில் நேரே போட்டால் 4 கிலோவுக்கு 591, 10 கிலோவுக்கு 608 என்று சற்றுக் குறைவாக வருகிறது. ஸ்பிரிங்கும் தன் எடையோடு சேர்ந்து ஆடுகிறதல்லவா, அதில் மூன்றில் ஒரு பங்கை நிறையோடு கூட்ட வேண்டும். அதை ஊகிக்கவும் தேவையில்லை. அலைவு நேரத்தின் வர்க்கத்தை நிறைக்கு எதிரே வரைபடத்தாளில் குறித்தால் புள்ளிகள் அழகாக ஒரே கோட்டில் விழுகின்றன. 39.48-ஐக் கோட்டின் சாய்வால் வகுத்தால் 620. கோட்டைப் பின்னால் நீட்டினால் அது நிறை அச்சை பூஜ்யத்துக்கு 0.2 கிலோ இடப்பக்கம் தள்ளி வெட்டுகிறது, அப்படியானால் ஸ்பிரிங்கின் எடை 0.6 கிலோ இருக்க வேண்டும். சமையலறைத் தராசில் வைத்தேன், 600 கிராம்! ஸ்கேலையும் கடிகாரத்தையும் தனித்தனியாக நம்பி அளந்த எண்கள் இப்படி ஒத்துப்போவதைப் பார்க்கும் சந்தோஷத்துக்காகவே இதைச் செய்யலாம்.

செய்து பார்ப்பவர்கள் இரண்டைக் கவனிக்க வேண்டும். 4 கிலோவை 3 செ.மீ.க்கு மேல் இழுத்து விட்டால், மேலே போகும்போது சுற்றுகள் 'டக்'கென்று மோதிக்கொள்ளும். அந்தச் சத்தம் கேட்டால் அந்த அளவீட்டை விட்டுவிடுங்கள்.

இன்னொன்று எனக்கு ரொம்பப் பிடித்தது. 10 கிலோ பையை ஸ்பிரிங்கில் நேரே மாட்டி, நேர் கீழே இழுத்து விட்டாலும், சிறிது நேரத்தில் துள்ளல் அடங்கிப் பை ஊஞ்சல் மாதிரி பக்கவாட்டில் ஆட ஆரம்பிக்கிறது, அப்புறம் அந்த ஆட்டம் குறைந்து மறுபடி துள்ளல். கொக்கியிலிருந்து பையின் நடுப்பகுதிவரை சுமார் 65 செ.மீ. நீளம், அந்த நீளத்துக்கு ஊஞ்சலாட்டத்தின் அதிர்வெண் துள்ளலின் அதிர்வெண்ணில் சரிபாதி. இரண்டுக்கு ஒன்று என்ற அந்த விகிதம் அமைந்தால் ஆற்றல் ஒன்றிலிருந்து மற்றதற்குப் போய்த் திரும்பும். சோவியத் நாட்டில் வித், கோரெலிக் என்ற இருவர் 1933-லேயே இதை ஆராய்ந்திருக்கிறார்கள். கொக்கிக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவே ஒரு மீட்டர் இரும்புச் சங்கிலி போட்டதும் விகிதம் கலைந்து, பை ஒழுங்காகத் துள்ளியது. நைலான் கயிறு கூடாது, அதுவே நீண்டு இன்னொரு ஸ்பிரிங்காகி விறைப்பைக் குறைத்துக் காட்டும்.

விறைப்பு தெரிந்துவிட்டால் கணக்கைத் திருப்பியும் போடலாம், துள்ளலை வைத்தே எடை. எடையே தெரியாத விண்வெளியில் 1973-இல் ஸ்கைலாப் என்ற அமெரிக்க விண்வெளி நிலையத்தின் வீரர்கள் தங்கள் உடல் நிறையை இப்படித்தான் அளந்தார்கள், ஸ்பிரிங்கோடு ஆடும் இருக்கையில் உட்கார்ந்து. நான் ஒரு பூசணிக்காயைத் துணியில் கட்டித் தொங்கவிட்டேன். இருபது துள்ளலுக்கு 13.4 நொடி, கணக்குப்படி துணியோடு 6.85 கிலோ. கடைத் தராசு 6.9 காட்டியது. அடுத்து இதே ஸ்பிரிங்கை இரும்புக் குழாய்த் தொட்டில் ஸ்டாண்டில் மாட்டி, குழாய் எவ்வளவு வளைந்து கொடுக்கிறது என்று பார்க்கப் போகிறேன்.