420 என்றால் 1200

ஏலப் பட்டியல் ஒன்றில் இன்று ஜார்ஜியாவை ஆண்ட பக்ரதியோனி வம்சத்துத் தமார் அரசியின் செப்புக்காசு. கீழே 'கி.பி. 420' என்று போட்டிருக்கிறார்கள்.

அப்போது ஜார்ஜியாவில் பக்ரதியோனி வம்சமே இல்லை! அவர்கள் ஆட்சி 813-இல் முதலாம் அஷோத்தோடு தொடங்குகிறது. சிதறிக் கிடந்த நாட்டை மூன்றாம் பக்ரத் இணைத்தது 1008-இல்.

காசில் இருப்பது கொரோனிகான் என்ற பழைய ஜார்ஜிய ஆண்டுக் கணக்கு. 532 ஆண்டுச் சுழற்சி. 781 அதன் முதல் ஆண்டு. ஆக 780-ஐக் கூட்டினால் 1200. 1312-இல் சுற்று முடிந்து, மறுபடி ஒன்றிலிருந்து எண்ணுவார்கள். அதனால் 420 என்பது 1732 ஆகவும் இருக்கலாம். எண்ணை மட்டும் பார்த்தால் போதாது, பெயரையும் படிக்க வேண்டும்.

இதில் தமார், அவர் கணவர் தாவித் இருவரின் முதலெழுத்துகளும் உள்ளன. அதனால் 1200-தான், சந்தேகமே இல்லை.

திருப்பினால் அரபி! 'அரசிகளின் அரசி, கியோர்கியின் மகள், மெசியாவுக்குத் துணைநிற்பவள்.' கிறிஸ்தவ அரசியின் காசுதான். ஆனால் சுற்றிலும் இஸ்லாமியச் சந்தைகள். அங்கேயும் செல்லுபடியாக வேண்டுமே.

விளிம்பு கோணல்மாணலாக இருப்பதைப் பார்த்துப் போலி என்று ஒதுக்கிவிடாதீர்கள். அக்காலத்தில் அந்த வட்டாரம் முழுக்க வெள்ளிக்குத் தட்டுப்பாடு. செம்பை ஒழுங்கில்லாத துண்டுகளாக விட்டு அச்சடித்தார்கள். எடையும் காசுக்குக் காசு மாறும். பலவற்றில் பின்னாளில் குத்திய முத்திரையும் உண்டு.

தமாரின் மகள் ருசுதான் 1230-இல் மீண்டும் வெள்ளிக்காசு அடித்தார். அதில் கிறிஸ்துவின் உருவமே இருக்கிறது. பின்புறம் அப்போதும் அரபிதான்.