கேமராவுக்கு வெளியே நிற்கும் ரைட் பேக்

கால்பந்து ஆட்டங்களின் வீடியோவைப் பார்த்து, ஒவ்வொரு பாஸையும் டேக்கிளையும் கணினியில் பதிவு செய்வது என் வேலை. ஆட்டம் ஐரோப்பாவில் நடக்கும், எங்கள் அலுவலகம் சென்னையில். அதனால் பெரும்பாலும் இரவு ஷிஃப்ட்தான். ஓர் ஆட்டத்துக்கு 2,000க்கும் அதிகமான பதிவுகள் வரும். யார் உதைத்தார், எந்த இடத்திலிருந்து, எந்தக் காலால், பந்து யாரிடம் போய்ச் சேர்ந்தது, எங்கே பறிபோனது என்று எல்லாம் வேண்டும். அணிக்கு ஒருவராக இரண்டு பேர் பதிவு செய்வோம், மூன்றாவது ஆள் சரிபார்ப்பார். 2018 தொடக்கத்தில் நான் சேர்ந்தபோது டீ இடைவேளையில் ஓயாமல் நடந்துகொண்டிருந்த விவாதம் ஒன்றுதான். லிவர்பூலின் ட்ரென்ட் அலெக்சாண்டர்-அர்னால்டுக்கு டிஃபென்ஸ் வருமா, வராதா?

அப்போது அவருக்கு வயது 19. லிவர்பூல் நகரத்திலேயே பிறந்து, ஆறு வயதில் அந்த கிளப்பின் அகாடமியில் சேர்ந்தவர். சிறுவர் அணிகளில் மிட்ஃபீல்டில் ஆடிக்கொண்டிருந்தவரை ரைட் பேக்காக, அதாவது வலது ஓரத்து டிஃபெண்டராக, மாற்றினார்கள். 2016 அக்டோபரில் டோட்டன்ஹாமுக்கு எதிரான லீக் கோப்பை ஆட்டத்தில் முதன்முதலாக மூத்தோர் அணியில் இறங்கினார். அடுத்த ஆண்டு ஆகஸ்டில் ஹாஃபன்ஹைமுக்கு எதிராக ஒரு ஃப்ரீகிக்கை நேராக வலைக்குள் அனுப்பினார். வழக்கமான ரைட் பேக் நேதனியல் க்ளைன் காயத்தில் கிடந்ததால் அவருக்கும் ஜோ கோமஸுக்கும் வாய்ப்பு மாறி மாறி வந்தது. பையன் ஓரத்திலிருந்து கோலுக்கு முன்னால் அடிக்கும் கிராஸைப் பார்த்தவர்கள் மயங்கினார்கள். அவன் பக்கமாக எதிரணி வருவதைப் பார்த்தவர்கள் பயந்தார்கள்.

2018 மார்ச்சில் மான்செஸ்டர் யுனைடெட்டின் மைதானமான ஓல்ட் டிராஃபோர்டில் நடந்த ஆட்டம் பயந்தவர்களுக்குச் சாட்சியாகக் கிடைத்தது. மார்கஸ் ராஷ்ஃபோர்ட் முதல் அரை மணி நேரத்துக்குள் இரண்டு கோல் அடித்தார், இரண்டும் ட்ரென்டின் பக்கம். மான்செஸ்டர் யுனைடெட் 2-1 என்று ஜெயித்தது. மறுநாள் எங்கள் அலுவலகத்தில் லிவர்பூல் ரசிகர்களே இரண்டாகப் பிரிந்து நின்றார்கள். ஒரு பக்கம், "இவனை வெச்சுக்கிட்டு பெரிய ஆட்டம் ஜெயிக்க முடியாது" என்றார்கள். இன்னொரு பக்கம், "பத்தொன்பது வயசுப் பையன்டா, விடுங்க" என்றார்கள்.

அந்த முதல் கோலை எப்படிப் பதிவு செய்வது என்பதைத்தான் நான் வேலையின் முதல் பெரிய பாடமாக நினைக்கிறேன். யுனைடெட் கோல்கீப்பர் டி ஹெயா நீளமாக உதைக்கிறார். அவர்களுடைய லுகாகு லிவர்பூல் சென்டர் பேக் லோவ்ரனைத் தாண்டித் தலையால் தட்டிவிடுகிறார். ராஷ்ஃபோர்ட் ஓடி வந்து பந்தை எடுத்து, உள்ளே வெட்டி ட்ரென்டைக் கடந்து அடிக்கிறார். எங்கள் பதிவில் ட்ரென்டின் பெயருக்கு நேராக வருவது ஒரே வரிதான்: 'எதிராளி கடந்து சென்றார்'. காற்றில் தோற்றது லோவ்ரன் கணக்கில் போகும். ட்ரென்ட் அந்த நொடியில் ஏன் அங்கே நின்றார், லோவ்ரன் அந்தத் தலைப்பந்தை ஜெயிப்பார் என்று நம்பி நின்றாரா, பின்வாங்கி நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதற்கெல்லாம் எங்கள் மென்பொருளில் பொத்தானே கிடையாது. பந்தைத் தொட்டால் பதிவு. தொடாமல் நின்றால் அந்த வீரர் எங்களைப் பொறுத்தவரை இல்லை. டிஃபெண்டரின் வேலையில் முக்கால்வாசி தொடாமல் நிற்பதுதான் என்பது ஆடியவர்களுக்குத் தெரியும்.

இதை எனக்குப் புரியவைத்தது கேமரா. டிவி ஒளிபரப்பில் கேமரா பந்தின் பின்னாலேயே போகும். பந்து இடது ஓரத்தில் இருந்தால் வலது ஓரத்து ஃபுல் பேக் திரையிலேயே இருக்கமாட்டார். பந்து குறுக்கே பறந்து வரும்போதுதான் திரைக்குள் நுழைவார். பெரும்பாலும் ஒரு அடி தள்ளி, ஒரு நொடி தாமதமாக. பார்க்கிறவர் கண்ணுக்குத் தெரிவது அந்தக் கடைசி நொடி மட்டுமே, அதனால் பழியும் அந்த நொடியில் அருகில் நிற்பவர் மேல்தான் விழும். சில ஆட்டங்களுக்கு எங்களுக்கு மைதானம் முழுவதும் தெரியும் அகலக் கோண வீடியோவும் வரும். 22 பேரும் எப்போதும் திரையில் இருப்பார்கள். எறும்பு சைஸில்தான், ஆனால் இருப்பார்கள். அதில் ட்ரென்டை மட்டும் பார்த்துக்கொண்டு ஒரு பாதி ஆட்டத்தை ஓட்டிப் பார்த்தபோது அவரைப் பற்றி நான் கேட்ட வாதங்களில் பாதி வலுவிழந்தன.

அப்போதைய லிவர்பூல் பயிற்சியாளர் க்ளாப் அமைத்த ஆட்டமுறையில் ரைட் பேக்கை மேலே அனுப்பியது தெரிந்தே செய்த காரியம். வலது விங்கர் சலா ஓரத்தைவிட்டு உள்ளே போய் கோலுக்கு அருகில் நிற்பார். அவர் காலியாக்கிய ஓரத்தில் ட்ரென்ட் ஏறி வந்து கிராஸ் போட வேண்டும். பந்து பறிபோனால் சலா பெரும்பாலும் மேலேயே இருப்பார், உடனே எதிர்த்தாக்குதலுக்குப் போக வேண்டும் என்பதற்காக. ஆகவே ட்ரென்டுக்குப் பின்னால் இருக்கும் அந்தப் பெரிய காலி இடத்தை மிட்ஃபீல்டர் ஹென்டர்சன் ஓடி வந்து மூட வேண்டும், இல்லாவிட்டால் வலதுபக்கத்து சென்டர் பேக் வெளியே நகர வேண்டும். ஹென்டர்சன் அரை நொடி தாமதித்தாலே ட்ரென்ட் தனியாக இரண்டு பேரைச் சமாளிக்க வேண்டி வரும். அகலக் கோணத்தில் இது துல்லியமாகத் தெரியும். டிவியில் தெரிவது ஓடிவந்து மூச்சு வாங்கும் ஒரு பையன் மட்டும்.

ரியல் மாட்ரிட் ரசிகர்களுக்கு இது புதுக்கதை இல்லை. லெஃப்ட் பேக் மார்செலோ 2007 ஜனவரியில் பதினெட்டு வயதில் அங்கே வந்த நாளிலிருந்து இதே விவாதம்தான் நடந்தது. முன்னே ரொனால்டோ இறங்கி வரமாட்டார், பின்னே ராமோஸும் காசெமிரோவும் அவர் விட்ட இடத்தை மூடுவார்கள். அந்த ஏற்பாட்டில்தான் மார்செலோ பல சாம்பியன்ஸ் லீக் பட்டங்கள் வென்றார். 2018இல் கீவ் நகரில் லிவர்பூலுக்கு எதிராக நடந்த இறுதியில் பேலின் அந்தத் தலைகீழ் கோலுக்கு கிராஸ் போட்டதும் மார்செலோதான், ட்ரென்ட் காத்த பக்கத்திலிருந்து. ஒரே ஓரத்தில் எதிரெதிரே ஒரே மாதிரியான இரண்டு பேர்!

அதே ஆண்டு ஏப்ரலில், ஓல்ட் டிராஃபோர்ட் நடந்து ஒரு மாதம்கூட ஆகாத நிலையில், மான்செஸ்டர் சிட்டிக்கு எதிரான சாம்பியன்ஸ் லீக் காலிறுதியின் முதல் ஆட்டத்தில் ட்ரென்ட் லெராய் சானேயை எதிர்கொண்டதைச் சொல்லாமல் விட்டால் நியாயம் ஆகாது. அன்று அணியே கொஞ்சம் கீழே இறங்கி நின்றது. அவருக்குப் பின்னால் இடம் இல்லை, பக்கத்தில் ஆள் இருந்தது. லிவர்பூல் 3-0. வேகமான விங்கரை நேருக்கு நேர் அந்தப் பையனால் நிறுத்த முடியும் என்பது அன்றைக்குத் தெளிவாகத் தெரிந்தது. அடுத்த வாரமே அதை எல்லோரும் மறந்துவிட்டார்கள் என்பதில் எனக்கு இன்னும் வருத்தம் உண்டு.

சரி, அப்படியானால் குறையே இல்லையா? இருக்கிறது. அதைக் காட்டியவர் எங்களோடு வேலை செய்யும் வியாசர்பாடி அண்ணன். சென்னையில் கால்பந்துக்குப் பேர்போன பகுதி அது. இவரும் அங்கே ரைட் பேக் ஆடி வளர்ந்தவர். பந்து எதிர் ஓரத்தில் இருக்கும்போது ட்ரென்டின் தலையைப் பார்க்கச் சொன்னார். காலை அல்ல, தலையை. "எத்தனை தடவை திரும்பிப் பார்க்கறான்னு பாரு தம்பி. பந்து எங்க இருக்குன்னு எல்லாருக்கும் தெரியும். முதுகுக்குப் பின்னாடி யார் வரான்னு தெரியணும்."

பார்த்தேன். ட்ரென்ட் பந்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பாஸ் எங்கே போகும் என்று ஆர்வத்தோடு கணிக்கிற மிட்ஃபீல்டரின் பார்வை அது. ஒரு டிஃபெண்டர் இரண்டு மூன்று நொடிக்கு ஒரு முறை தோளுக்கு மேல் பார்த்துக்கொள்வார். ட்ரென்டுக்கு அது பழக்கமாகவில்லை. உடம்பை அவர் வைத்துக்கொள்ளும் கோணமும் அப்படித்தான், பந்துக்கு முழுதாகத் திரும்பி, பின்னால் வருபவருக்கு முதுகு காட்டி நிற்பார்.

2022 மே 28, பாரிஸில் ரியல் மாட்ரிடுக்கு எதிரான சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டத்தின் 59ஆவது நிமிடத்தைப் பாருங்கள். வல்வெர்டே வலப்பக்கத்திலிருந்து தாழ்வாகக் குறுக்கே அடிக்கிறார். வினீசியஸ் ட்ரென்டின் பின்னாலிருந்து நழுவி, தூரக் கம்பத்தருகே தட்டிவிடுகிறார். ரியல் மாட்ரிட் 1-0. ஆட்டமுறை, ஹென்டர்சன், சலா என்று எந்தக் காரணமும் இங்கே செல்லாது. ஆள் பின்னால் இருந்தார், இவர் பார்க்கவில்லை. வேகக் குறைவோ டேக்கிள் செய்யத் தெரியாததோ அல்ல பிரச்சினை. கவனத்தைப் பங்கிட்டு வைக்கும் பழக்கம் இல்லாததுதான். 2018இல் திட்டியவர்கள் சொன்னது வேறு குறை, உண்மையில் இருந்தது வேறு குறை. என்னைக் கேட்டால், அந்த நான்கு வருட விவாதத்தின் பெரிய சோகம் இதுதான். தப்பான இடத்தில் அடித்துக்கொண்டே இருந்தார்கள்.

தாக்குதல் பக்கம் அவர் செய்ததைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, கணக்கே பேசும். 2018-19 பிரீமியர் லீக்கில் 12 அசிஸ்ட் (கோலுக்கு வழிவிட்ட கடைசி பாஸ்), ஒரு டிஃபெண்டர் ஒரு பருவத்தில் அதுவரை எடுக்காத எண்ணிக்கை. மறுபக்கம் லெஃப்ட் பேக் ராபர்ட்சன் 11. அடுத்த பருவத்தில் 13, லிவர்பூல் 30 ஆண்டுகளுக்குப் பிறகு லீக் பட்டம் வென்றது. நடுவில் 2019 மே 7, பார்சிலோனா ஆட்கள் திரும்பி நடந்துகொண்டிருந்தபோது சட்டென்று அவர் உதைத்த அந்த கார்னர், ஒரிகியின் கோல். எதிரணி கவனம் சிதறும் நொடியை அவ்வளவு கூர்மையாகப் பிடிப்பவர் தன் முதுகுக்குப் பின்னால் நடப்பதைத் தவறவிட்டார் என்பதுதான் இன்றைக்கும் என்னை யோசிக்க வைக்கிறது. முன்னால் விரிந்து கிடக்கும் மைதானத்தைப் படிப்பதில் அவருக்கு நிகரில்லை. பின்னால் இருப்பதைப் படிப்பது தனித் திறமை போலிருக்கிறது.

இதனால்தான், "மிட்ஃபீல்டுக்கு மாத்துங்க" என்ற வாதத்தை நான் என்றைக்கும் ஏற்றதில்லை. அலுவலகத்தில் இதில் நான் சிறுபான்மை. மிட்ஃபீல்டில் நான்கு பக்கமும் ஆள் வருவார்கள், முதுகைக் காட்டிப் பந்தை வாங்க வேண்டும். ஓரத்தில் நிற்கும்போது கோடு ஒரு பக்கத்தை அடைத்துவிடும், மொத்த மைதானமும் கண்ணுக்கு முன்னால் இருக்கும். ட்ரென்டின் நீளப் பாஸ்கள் பிறந்தது அந்தப் பார்வையிலிருந்துதான். இங்கிலாந்துப் பயிற்சியாளராக இருந்த சவுத்கேட் 2024 யூரோவில் செர்பியா, டென்மார்க் இரண்டுக்கும் எதிராக அவரை மிட்ஃபீல்டில் இறக்கிப் பார்த்தார். அத்தோடு அந்த முயற்சி முடிந்தது. (சுவிட்சர்லாந்துக்கு எதிராகக் கடைசி பெனால்டியைப் போட்டு இங்கிலாந்தை அரையிறுதிக்குக் கொண்டுபோனதும் அவர்தான் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.)

க்ளாப் செய்தது வேறு. 2023 ஏப்ரலில் ஆர்சனலுக்கு எதிரான ஆட்டத்திலிருந்து, பந்து லிவர்பூலிடம் இருக்கும்போது மட்டும் ட்ரென்ட் உள்ளே வந்து மிட்ஃபீல்டர் ஃபபினியோ பக்கத்தில் நிற்பார், இல்லாதபோது பழைய இடத்துக்கு ஓட வேண்டும். அன்று 87ஆவது நிமிடத்தில் ஜின்சென்கோவின் கால்களுக்கு நடுவே பந்தைத் தள்ளி, ஃபிர்மினோவின் தலைக்கு அளந்து போட்டு 2-2 ஆக்கினார். அந்தப் பருவம் முடியும்வரை லீக்கில் லிவர்பூல் அதன்பின் தோற்கவில்லை. எங்கள் பதிவுத் திரையில் அவர் பெயர் திடீரென்று மைதானத்தின் நடுவட்டத்தைச் சுற்றி மொய்க்க ஆரம்பித்தது. ஒரு ரைட் பேக்கின் புள்ளிகள் இவ்வளவு உள்ளே வருவது சரிதானா என்று சரிபார்ப்பவர் முதல் தடவை கேட்டார்.

2025 ஜனவரியில் யுனைடெட்டுடன் 2-2 ஆன ஆட்டத்தில் அவர் தடுமாறியபோது பழைய விவாதம் அப்படியே திரும்பி வந்தது. அதற்குள் அவருக்கு 26 வயது, மாட்ரிட் போகப்போகிறார் என்ற பேச்சு வேறு. 2018இல் சொன்ன வாக்கியங்களையே எழுத்து மாறாமல் சொன்னார்கள். அந்த ஆண்டு மே மாதம் இரண்டாவது லீக் பட்டத்தோடு கிளம்பினார். கிளம்புகிறேன் என்று அறிவித்த பின் சொந்த மைதானமான ஆன்ஃபீல்டிலேயே ஒரு பகுதி ரசிகர்கள் அவரைக் கூச்சலிட்டு அவமதித்ததைப் பதிவு செய்யும் அறையில் உட்கார்ந்து கேட்டது கஷ்டமாக இருந்தது. ஆறு வயதிலிருந்து அங்கேயே வளர்ந்தவர்.

இப்போது புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கு நான்தான் பயிற்சி கொடுக்கிறேன். முதல் வாரத்தில் எதையும் பதிவு செய்யச் சொல்வதில்லை. அகலக் கோண வீடியோவைப் போட்டு, ஒரு ஃபுல் பேக்கைத் தேர்ந்தெடுத்து, பந்து அவரிடம் இல்லாத நேரம் முழுவதும் அவரை மட்டும் பார்க்கச் சொல்வேன். எத்தனை முறை திரும்பிப் பார்க்கிறார், எதிரில் வருபவருக்கு எவ்வளவு தூரம் கொடுக்கிறார், முன்னால் இருக்கும் விங்கர் உதவிக்கு வருகிறாரா. வீடியோ முடிந்ததும் வியாசர்பாடி அண்ணனும் சேர்ந்துகொள்வார், விவாதம் தொடங்கும். தன் அணியில் ட்ரென்டை ரைட் பேக்காக எடுக்கவே மாட்டேன் என்று இன்னும் சொல்கிறார். நான் எடுப்பேன், வலதுபக்கம் மூடத் தெரிந்த ஒரு மிட்ஃபீல்டரை முதலில் எழுதிவிட்டு.