94 என்ற எண்

மூச்சு முட்டுகிறது என்று அந்த அம்மா மூன்று முறை சொன்னார். மூன்று முறையும் நான் அவர் விரலில் மாட்டியிருந்த, ரத்தத்தின் ஆக்சிஜன் அளவைச் சதவீதத்தில் காட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டரைத்தான் பார்த்தேன். 94. கேஸ் ஷீட்டில் ‘பதற்றமாக இருக்கிறார்’ என்று எழுதிவிட்டு அடுத்த படுக்கைக்குப் போனேன். அவர் கறுப்பினப் பெண். விடியற்காலையில் டாக்டர் தமனியிலிருந்து ரத்தம் எடுக்கச் சொன்னார். ஆக்சிஜன் 86. ஐசியுவுக்கு ஓடினோம். பிழைத்துக்கொண்டார்.

அந்தக் கருவி விரலுக்குள் சிவப்பு ஒளியையும் அகச்சிவப்பு ஒளியையும் பாய்ச்சி, ரத்தம் எவ்வளவு உறிஞ்சுகிறது என்று கணக்கிடுகிறது. தோலில் உள்ள மெலனினும் ஒளியை உறிஞ்சும். அதனால் அடர்நிறத் தோலில் அளவு சில நேரம் கூடுதலாகக் காட்டும். 2020 கடைசியில் வந்த ஓர் அமெரிக்க ஆய்வில், கருவி 92 முதல் 96 வரை காட்டிய அளவீடுகளை ரத்தப் பரிசோதனையோடு ஒப்பிட்டார்கள். உண்மையில் 88-க்கும் கீழே இருந்தவை கறுப்பின நோயாளிகளிடம் சுமார் 12 சதவீதம், வெள்ளையரிடம் சுமார் 4 சதவீதம். இந்தக் குறை 1990-லேயே மருத்துவ இதழில் வந்துவிட்டது. முப்பது ஆண்டுகள் அதே கருவியை எல்லார் விரலிலும் மாட்டிக்கொண்டிருந்தோம்.

ஆனால் பழியைக் கருவியின் மேல் போட எனக்கு மனம் வரவில்லை. அதே 94-ஐ வைத்துக்கொண்டு ஒரு வெள்ளைக்காரர் மூச்சு முட்டுகிறது என்றிருந்தால், டாக்டரை எழுப்பியிருப்பேன். இத்தனைக்கும் என் தோலும் கறுப்புதான். கறுப்பினத்தவர் வலியைக் கூட்டிச் சொல்வார்கள் என்ற பேச்சை எத்தனையோ முறை டியூட்டி ரூமில் கேட்டிருக்கிறேன், மறுத்துப் பேசியதில்லை. அமெரிக்காவில் வெள்ளையரான மருத்துவ மாணவர்களிடமும் பயிற்சி மருத்துவர்களிடமும் 2016-இல் கேட்டபோது, ‘கறுப்பினத்தவருக்குத் தோல் தடிமன்’ என்பது போன்ற பொய்களில் ஒன்றையாவது பாதிப்பேர் நம்பினார்கள். படித்தபோது அதிர்ச்சியாக இல்லை. வெட்கமாக இருந்தது.

அடுத்த மாதம் அந்த அம்மா வசிக்கும் பகுதியில் தடுப்பூசி முகாம் போட்டோம். நாள் முழுக்க நாற்காலிகள் காலியாகவே கிடந்தன. மாலையில் அந்த அம்மாவின் தங்கை வந்து நின்றார். “அக்கா சொன்னதை நீங்க நம்பல. இப்ப நாங்க மட்டும் உங்கள நம்பணுமா?” என்று கேட்டார். அவர் குரலில் கோபம்கூட இல்லை.

அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தின் டஸ்கீகியில் 1932 முதல் 1972 வரை, சிபிலிஸ் என்ற பால்வினை நோயுள்ள 399 கறுப்பின ஆண்களை அரசின் சுகாதாரத் துறையே சிகிச்சை தராமல் பார்த்துக்கொண்டிருந்தது. அந்த நோயைக் குணமாக்கும் பென்சிலின் கிடைக்கத் தொடங்கிய பிறகும் கொடுக்கவில்லை. மக்கள் ஆஸ்பத்திரிக்கு வராததை அறியாமை என்று ரிப்போர்ட்டில் எழுதும்போதெல்லாம் இது எனக்கு நினைவுக்கு வருகிறது. தடுப்பூசி போடாத ஒரு வீட்டில் தொடங்கும் அம்மை பக்கத்துத் தெருவுக்கும் போகும். அது தோலின் நிறம் பார்ப்பதில்லை.

இப்போது கேஸ் ஷீட்டில் நோயாளி சொன்னதை அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதுகிறேன். எண்ணும் பேச்சும் ஒத்துப்போகவில்லை என்றால் ரத்தப் பரிசோதனை கேட்கிறேன். அந்த அம்மாவிடம் நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன். வெகுநேரம் ஒன்றும் பேசாமல் இருந்துவிட்டு, அடுத்த முகாம் எப்போது என்று கேட்டார்.