காலேஜ் ஸ்ட்ரீட்: ஒரே பலகையில பேய்க்கதையும் பரமஹம்சரும் லெனினும்

கொல்கத்தா போற நம்ம ஆளுங்க கையில விக்டோரியா மெமோரியல், காளிகாட், தட்சிணேஸ்வரம், பேலூர் மடம்னு ஒரு லிஸ்ட் கண்டிப்பா இருக்கும். என் லிஸ்ட்ல முதல் இடம் அந்த ஊர் புத்தகக் கடைத் தெருவான காலேஜ் ஸ்ட்ரீட்டுக்குத்தான். த.நா.குமாரஸ்வாமி மொழிபெயர்த்த ஆரோக்கிய நிகேதனம், சு.கிருஷ்ணமூர்த்தி மொழிபெயர்த்த நீலகண்டப் பறவையைத் தேடி மாதிரி பெங்காலி நாவல்களை லைப்ரரில எடுத்துப் படிச்சு வளர்ந்த ஒருத்தனுக்கு, அதோட மூல மொழிப் புத்தகங்களைத் தெருவுல அடுக்கி வெச்சு விக்குற இடத்தைப் பாக்கணும்ங்கிற ஆசை ரொம்ப வருஷமா இருந்துச்சு.

சென்னைலேர்ந்து கோரமண்டல் எக்ஸ்பிரஸ்ல போனேன், அது இப்ப ஹௌரா போறதில்ல, ஷாலிமார்லயே நின்னுடுது. காலேஜ் ஸ்ட்ரீட்டுக்கு மெட்ரோல வர்றவங்க மகாத்மா காந்தி ரோடு ஸ்டேஷன்ல இறங்கி கொஞ்ச தூரம் நடந்தா போதும், சியால்டா ஸ்டேஷன்லேர்ந்தும் நடக்குற தூரம்தான். பெங்காலி எழுத்து எனக்குத் தெரியாது, அதனால அந்த ஊர் நண்பர் ஒருத்தரைக் கூட்டிக்கிட்டுப் போனேன், அவர் இல்லேன்னா இந்தக் கட்டுரையில பாதி இருக்காது.

தெருவோட ரெண்டு பக்கமும் தகரப் பெட்டி மாதிரி சின்னச் சின்னக் கடைங்க, பின்னாடி பிரெசிடென்ஸி காலேஜோட (இப்ப யூனிவர்சிட்டி) கம்பி வேலி, அதுலயே புத்தகத்தைச் சாத்தி வெச்சிருக்காங்க. கடைக்காரர் உக்கார ஒரு முழம் இடம்தான் இருக்கும், மீதியெல்லாம் புத்தகம், தலைக்கு மேலயும் புத்தகம். நாம நடந்து போனாலே "கீ பொய் லாக்பே தாதா" (என்ன புத்தகம் வேணும் அண்ணே)ன்னு ரெண்டு பக்கமும் கூப்பிடுறாங்க. பெரும்பாலும் பாடப் புத்தகம்தான் ஓடுது, மெடிக்கல், இன்ஜினியரிங், சர்க்கார் வேலை பரீட்சை கைடு. பக்கத்துலயே 1835ல ஆரம்பிச்ச மெடிக்கல் காலேஜ், 1857ல வந்த கல்கத்தா யூனிவர்சிட்டி, சமஸ்கிருதக் காலேஜ் எல்லாம் இருக்கும்போது அது அப்படித்தான் இருக்கும். நாம கேட்ட புத்தகம் அந்தக் கடையில இல்லேன்னா இல்லேன்னு சொல்ல மாட்டாங்க, "பொஷுன்"னு உக்கார வெச்சுட்டு ஒரு பையனை அனுப்பி நாலு கடை தள்ளி இருந்து எடுத்துட்டு வர்றாங்க.

நான் தேடிப் போனது பாடப் புத்தகத்தை இல்ல. ஒரு கடையில மேல் வரிசையில பழைய ஹாரி பாட்டர் பேப்பர்பேக் நாலஞ்சு, அதுக்குக் கீழ டாகுர்மார் ஜுலி (பாட்டியோட பைன்னு அர்த்தம், குழந்தைங்க கதைப் புத்தகம்), அதை ஒட்டி ராமகிருஷ்ண கதாமிருதம், அது மேலயே மாஸ்கோல அச்சான லெனின் தொகுதி ஒண்ணு, பக்கத்துல பெங்காலி குர்ஆன், ஜோசியப் புத்தகம், ஃபெலுடா துப்பறியும் கதை. முதல்ல இடம் பத்தாம இப்படிக் கலந்து வெச்சிருக்காங்கன்னுதான் நினைச்சேன், இடம் இல்லாததும் ஒரு காரணம்தான், ஆனா நண்பர் ஒவ்வொண்ணா எடுத்துக் காட்டிச் சொல்லச் சொல்ல இந்த ஊர்ல இதையெல்லாம் தனித்தனி அலமாரியில பிரிச்சு வெக்கவே முடியாதுன்னு எனக்குத் தோணிடுச்சு.

டாகுர்மார் ஜுலியையே எடுத்துக்குவோம். ராட்சசி, பேசுற பறவை, தூங்குற ராஜகுமாரின்னு பாட்டி சொல்ற கதைங்க, தட்சிணாரஞ்சன் மித்ர மஜும்தார் கிராமம் கிராமமாப் போய்க் கேட்டுச் சேர்த்தது. ஆனா அது வந்த வருஷம் 1907. கர்சன் வங்காளத்தை ரெண்டாப் பிரிச்சது 1905, தெருவெல்லாம் சுதேசி, வெள்ளைக்காரன் துணியைக் கொளுத்துற நேரம். அந்தப் புத்தகத்துக்கு முன்னுரை எழுதின தாகூர், இதைவிடப் பெரிய சுதேசிப் பொருள் நம்ம நாட்டுல வேற என்ன இருக்கு, இந்தப் பாட்டியோட பை கூட இப்பல்லாம் மான்செஸ்டர் மில்லுலேர்ந்துதானே வந்துக்கிட்டு இருந்துச்சுங்கிற அர்த்தத்துல எழுதியிருக்கார். குழந்தைங்க படிக்குற ராட்சசி கதை அந்தக் காலத்துல கதர் மாதிரி ஒரு விஷயமா இருந்திருக்கு! நண்பர் அதை அங்கேயே நின்னு வாசிச்சுக் காட்டினப்ப எனக்கு உடம்பு சிலிர்த்துச்சு, நம்ம பாட்டிங்க சொன்ன கதைங்களை அந்த வேகத்துல யாராவது சேர்த்து வெச்சிருக்கக் கூடாதான்னு ஒரு ஏக்கமும் வந்துச்சு.

சத்யஜித் ராய் குடும்பம் வேற மாதிரி. அவரோட தாத்தா உபேந்திரகிஷோர் 1913ல சந்தேஷ்னு ஒரு குழந்தைங்க பத்திரிகை ஆரம்பிச்சார், மகன் சுகுமார் ராய் அதுல அர்த்தமே இல்லாத மாதிரி இருக்குற, ஆனா ஆபீஸ், கோர்ட், பெரிய மனுஷன் எல்லாரையும் போட்டுத் தாக்குற பாட்டுங்களா எழுதித் தள்ளினார், ஆபோல் தாபோல்னு அது புத்தகமா வெளிவந்தது 1923ல, அவர் இறந்து சில நாள் கழிச்சுத்தான், கையில எடுத்துப் பாக்க அவருக்குக் கொடுத்து வெக்கல. அப்ப ரெண்டு வயசுக் குழந்தையா இருந்த சத்யஜித் ராய் 1961ல அந்தப் பத்திரிகைக்கு மறுபடி உயிர் கொடுத்து, அதுலதான் விஞ்ஞானி ப்ரொபசர் ஷோங்கு கதைங்க, அப்புறம் 1965ல ஃபெலுடா கதைங்கன்னு எழுத ஆரம்பிச்சார். நமக்கு அவர் சினிமாக்காரர், அங்க பள்ளிக்கூடப் பசங்களுக்கு அவர் இன்னிக்கும் துப்பறியும் கதைக்காரர். நான் நின்ன நேரத்துல ஒரு அம்மா பொண்ணோட வந்து ஷோங்கு கேட்டு வாங்கிட்டுப் போனாங்க, அந்தப் பொண்ணு கடை வாசல்லயே பிரிச்சுப் படிக்க ஆரம்பிச்சிடுச்சு.

மதப் புத்தகத்துல என்னை ரொம்ப யோசிக்க வெச்சது கதாமிருதம். மகேந்திரநாத் குப்தாங்கிற ஒரு வாத்தியார், "ம"ங்கிற ஒத்தை எழுத்துக்குப் பின்னாடி தன்னை மறைச்சுக்கிட்டு, பரமஹம்சர் பேசினதை டைரியில குறிச்சு வெச்சு அஞ்சு பாகமாக் கொண்டு வந்தார், முதல் பாகம் 1902, கடைசிப் பாகம் 1932. அவர் வேலை பாத்த ஸ்கூல் ஈஸ்வர சந்திர வித்யாசாகரோடது. 1882 ஆகஸ்ட்ல பரமஹம்சரே வித்யாசாகர் வீட்டுக்குப் போய்ப் பேசினதும் அந்தப் புத்தகத்துலயே இருக்கு. சாமி பத்தி அதிகம் பேசாத ஒரு சீர்திருத்தக்காரரும் சாமியைத் தவிர வேற எதுவும் பேசாத ஒருத்தரும் எதிரெதிரே உக்காந்து சிரிச்சுப் பேசுறாங்க. அந்தப் பக்கங்களைத் தேடிப் படிங்க, அருமையா இருக்கும். குர்ஆனை முழுசா முதல்ல பெங்காலில கொண்டு வந்த கிரீஷ் சந்திர சென், பிரம்ம சமாஜம்ங்கிற இந்து சீர்திருத்த இயக்கத்துக்காரர்ங்கிறதும் இந்த ட்ரிப்லதான் எனக்குத் தெரியும்.

இந்தத் தெருவுல புத்தக வியாபாரம் சூடு பிடிச்சதுக்கே வித்யாசாகர் ஒரு முக்கியக் காரணம். 1847ல மதன்மோகன் தர்காலங்காரோட சேர்ந்து சமஸ்கிருத பிரஸ்னு அச்சகம், அதோட புத்தக டெப்போ. 1855ல அவர் எழுதின வர்ணபரிசய்ல தொடங்கித்தான் பெங்காலிக் குழந்தைங்க தலைமுறை தலைமுறையா எழுத்துப் படிச்சாங்க, இன்னிக்கும் அந்த மெல்லிசுப் புத்தகம் ப்ளாட்பாரத்துல கிடைக்குது. பக்கத்து காலேஜ் ஸ்கொயர்ல குளத்துக்கரையில அவருக்குச் சிலை இருக்கு. 1970ல நக்ஸல் இயக்கம் உச்சத்துல இருந்தப்ப அந்தச் சிலையோட தலையை உடைச்சாங்க. பிரெசிடென்ஸில படிச்ச எத்தனையோ நல்ல மாணவங்க அந்த இயக்கத்துல போனாங்க, உயிர் போச்சு, படிப்பு போச்சு. அவங்களுக்கும் எழுத்து சொல்லிக் கொடுத்தது அந்த மனுஷன் எழுதின புத்தகமாத்தான் இருந்திருக்கும். அந்தச் சிலைக்கு முன்னாடி நிக்கும்போது எனக்கு மனசு கனத்துப் போச்சு.

அரசியல் புத்தகத்துக்கு பங்கிம் சாட்டர்ஜி ஸ்ட்ரீட் போகணும். நேஷனல் புக் ஏஜென்சி அங்கதான் இருக்கு, கம்யூனிஸ்ட் புத்தகங்கள் வரிசையா இருக்கும். 1977லேர்ந்து 2011 வரைக்கும் 34 வருஷம் இடது முன்னணி ஆண்ட மாநிலம், பழைய கடைகள்ல சோவியத் புத்தகம் இன்னும் கட்டுக் கட்டா வருதுன்னா ஆச்சரியமில்ல. அந்தத் தெருவுக்குப் பேர் கொடுத்த பங்கிம், சந்நியாசிங்க ஆயுதம் எடுக்குற ஆனந்தமடத்தை எழுதினவர், வந்தே மாதரம் அதுலதான் வருது. அதை மத அலமாரில வெக்கிறதா, அரசியல் அலமாரில வெக்கிறதா?

அங்க மாடியில இருக்குற காஃபி ஹவுஸ் பத்தி எல்லாரும் எழுதியாச்சு. ஆல்பர்ட் ஹால் கட்டடம், உயரமான கூரை, தாகூர் படம், தலைப்பாகை கட்டின சர்வருங்க, பால் இல்லாத காபிக்கு இன்ஃப்யூஷன்னு பேர். நம்ம ஊர் ஃபில்டர் காபி எதிர்பாத்துப் போகாதீங்க. எனக்கு அதைவிடப் பிடிச்சது பாரமவுன்ட், 1918லேர்ந்து இருக்குற சர்பத் கடை, ஒரு காலத்துல புரட்சிக்காரங்க கூடிப் பேசின இடம். அங்க இளநீர் சர்பத் குடிங்க, அந்த ரெசிப்பி வேதியியல் மேதை பிரஃபுல்ல சந்திர ராய் சொல்லிக் கொடுத்ததுன்னு சொல்றாங்க.

2020 மே 20 அம்பன் புயல்ல இந்தத் தெருவுல தண்ணி ஏறிப் புத்தகம் எல்லாம் மிதந்த போட்டோவைப் பாத்திருப்பீங்க. ஏற்கனவே லாக்டவுன், அது மேல இது. பழைய புத்தகக் கடைங்க இருந்த எங்க சென்னை மூர் மார்க்கெட் 1985ல எரிஞ்சதைப் பத்திப் பெரியவங்க பேசும்போது அவங்க குரல் எப்படி மாறும்னு எனக்குத் தெரியும், அதனால அந்தப் போட்டோக்களை அப்பவே என்னால முழுசாப் பாக்க முடியல. இங்க நல்ல வேளையா கடைங்க திரும்பி வந்துடுச்சு, நண்பரோட பழக்கமான கடைக்காரர் நனைஞ்ச புத்தகங்களை எடைக்குப் போட்ட கதையைச் சொல்லிட்டு, இப்ப கீழ் வரிசையில விலை குறைஞ்சதை மட்டும்தான் வெக்கிறேன்னார்.

போறவங்க ஞாயித்துக்கிழமையைத் தவிர்த்துடுங்க, நிறையக் கடை மூடியிருக்கும். எம்.ஜி. ரோடு முனையில பாதிராம் ஸ்டால்ல சிறுபத்திரிகைங்க கிடைக்கும், மொழி தெரியலேன்னாலும் அட்டைங்களைப் பாருங்க. டேமர் லேன்ல சந்தீப் தத்தா தன் வீட்டுலயே 1978ல ஆரம்பிச்ச சிறுபத்திரிகை லைப்ரரி இருக்கு, அவர் 2023ல காலமாயிட்டார், தமிழ்ல சிறுபத்திரிகை நடத்துறவங்க, சேர்த்து வெச்சிருக்கிறவங்க கொல்கத்தா போனா அந்தச் சந்துக்கு ஒரு தடவை போயிட்டு வாங்க.