மலைக்கிழவி புரண்ட பிறகு

23 பெப்ரவரி 2025, ஞாயிறு
ஹப்புத்தளை

நான் எழுதும் கதை பதினோராவது அத்தியாயத்தில் நின்றுபோய் இன்றோடு இருபது நாள்.

புதிதாக வாசிக்க வந்தவர்களுக்குக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு மலை இருக்கிறது. உண்மையில் அது மலை இல்லை, குப்புறப் படுத்துத் தூங்கும் ஒரு கிழவி. அவள் முதுகில்தான் ஊர். மழை இரவுகளில் அவளுக்குத் தூக்கம் கலையும், புரண்டு படுக்கப் பார்ப்பாள். அப்போது ஊர்க்காவலன் மாறன் விடியும்வரை தப்பு என்ற பறையை அடித்து அவளைத் தூங்கவைக்க வேண்டும். ஓர் இரவு மாறன் தப்பை இறக்கி வைத்துவிட்டான். கிழவி புரண்டாள். ஊர் மண்ணுக்குள் போய்விட்டது. மிஞ்சியது இரண்டே பேர். ஒருவன் மாறன். இன்னொருத்தி அன்று பக்கத்து மலைக்குப் போயிருந்த தூவி. அன்றிலிருந்து தூவிக்கு மண்ணுக்கடியில் இருப்பவர்கள் பேசுவது கேட்கிறது.

பதினோராவது அத்தியாயத்தில்தான் இருவரும் முதல்முறை சந்திக்கிறார்கள். இதுவரை ஏழு தடவை எழுதிவிட்டேன். ஏழிலும் மாறன் காலில் விழுந்து அழுகிறான், தூவி அவனைத் தூக்கி நிறுத்துகிறாள். எழுதும்போது எனக்கே கண் கலங்குகிறது. மறுநாள் வாசித்தால் உப்பில்லாத கஞ்சி மாதிரி இருக்கிறது.

26 பெப்ரவரி, புதன்

சிவராத்திரி. மாலை வகுப்புக்கு நாலே பிள்ளைகள்தான் வந்தார்கள். பாடம் நடத்த மனம் வரவில்லை, ஏழாவது பிரதியை வாசித்துக் காட்டினேன். சாதாரண தரம் படிக்கும் ஒரு பிள்ளை, அதிகம் பேசாதவள், கேட்டாள்.

"சேர், அவ ஏன் அவன அடிக்கல?"

அடிக்க வேண்டுமா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தாள்.

"அடிக்கணும்னுதான் இருக்கும். ஆனா அடிச்சா அவனும் போயிருவான்ல சேர். அப்புறம் அவ அம்மாவ தெரிஞ்ச ஆளு யாரு இருக்கா?"

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் இதுதான் மனதில் ஓடியது. தூவியின் அம்மா ரொட்டி தட்டும்போது முனகும் பாட்டு, அவள் தம்பிக்குத் திக்குவாய் என்பது, மழைக்கு அவர்கள் காம்பராவில் எந்த மூலை ஒழுகும் என்பது, இதெல்லாம் தெரிந்தவன் உலகத்தில் இன்னும் ஒருவன்தான் இருக்கிறான். அவன்தான் தப்பை இறக்கி வைத்தவன். அவள் வெறுக்க வேண்டிய ஆளும் அவன்தான், அவளுக்கு மிச்சமிருக்கும் ஒரே சொந்தமும் அவன்தான். ஏழு பிரதியில் எனக்கு இது பிடிபடவில்லை. பதினாறு வயதுப் பிள்ளைக்கு ஒரு நிமிடத்தில் பிடிபட்டுவிட்டது.

2 மார்ச், ஞாயிறு

மூன்றாம் பிறை கண்டு நேற்று மாலை தேயிலைத் தோட்டத்தில் காமன் கூத்துக்குக் கம்பம் ஊன்றினார்கள். போன வருடம் பணம் சேராமல் கூத்து நின்றுபோனது, இந்த வருடம் இளைஞர்களே முன்னின்று நடத்துகிறார்கள். தப்பைத் தீயில் காய்ச்சி முதல் அடி விழுந்ததும் லயத்து, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளின், நாய்களெல்லாம் ஒருமுறை குலைத்து அடங்கின.

காமன் கூத்தை மாயக்கதை என்று சொன்னால் பெரியவர்கள் கோபித்துக்கொள்வார்கள். அவர்களுக்கு அது சாமி காரியம். ரதி வேடம் கட்டும் அண்ணன் நேற்றிலிருந்து விரதம். எனக்கோ சின்ன வயதில் அதுதான் முதல் மாயக்கதை. தேவர்கள் ஏவ, சிவனின் தவத்தைக் கலைக்க மன்மதன் கிளம்புகிறான். கெட்ட கனவு கண்ட ரதி போகாதே என்று மறிக்கிறாள். அவன் போகிறான், நெற்றிக்கண்ணில் எரிகிறான். கடைசியில் உயிர் திரும்பி வருகிறது, ஆனால் ரதியின் கண்ணுக்கு மட்டும்தான் அவன் தெரிவான்.

யார் குற்றம் இது? ஏவியவர்களா, போனவனா, எரித்தவனா? கூத்து தீர்ப்புச் சொல்வதில்லை. ரதி அழுவதற்குத்தான் அதில் நேரம் அதிகம்.

இந்தக் கூத்தைக் கொண்டுவந்தவர்கள் காப்பிக் காலத்தில் மன்னாரில் இறங்கி மாத்தளை வரை காட்டுவழியாக நடந்து வந்தவர்கள். காய்ச்சலிலும் பேதியிலும் செத்தவர்களை வழியிலேயே விட்டுவிட்டு மிச்சப் பேர் நடந்தார்கள். விட்டுவிட்டு நடந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாங்கள். தொலைத்தவள் ஒருத்தி மாசிக்கு மாசி அழும் கதையை இந்த மலைகள் ஏன் இவ்வளவு இறுக்கிப் பிடித்துக்கொண்டன என்று நான் யாரையும் கேட்க வேண்டியதில்லை.

5 மார்ச், புதன்

வெல்லவாயவில் ஒரு வீட்டு விசேஷம். பெரகலையிலிருந்து பஸ் இறங்க ஆரம்பித்தால் கொஸ்லந்தை வரை நான் சன்னல் பக்கம் பார்க்கமாட்டேன். இன்று பார்த்தேன்.

கொஸ்லந்தைக்குப் பக்கத்து மீரியபெத்தைத் தோட்டத்தில் மண்சரிந்து மலை இறங்கியது 2014 ஒக்டோபர் 29, ஒரு காலை நேரம். பள்ளிக்கூடம் போயிருந்த பிள்ளைகள் தப்பினார்கள். திரும்பி வந்தபோது லயம் இருந்த இடத்தில் லயம் இல்லை. அந்த மலை ஆபத்தானது, ஆட்கள் வேறிடம் போக வேண்டும் என்று அதற்குச் சில வருடங்கள் முன்பே எச்சரித்திருந்தார்கள். போக வேறு இடம் இருக்கவில்லை.

தூவியை ஊரில் இல்லாமல் வைத்தது அந்தப் பிள்ளைகளை நினைத்துத்தான். ஆனால் அவர்களில் யாருடைய கதையையும் நான் எடுக்கவில்லை, எடுக்கவும் மாட்டேன். மலையைக் கிழவியாக்கியதும் அதற்காகத்தான். நடந்ததை நடந்தபடி எழுதும் உரிமை எனக்கு இல்லை.

கிழவி புரளும் முன் காட்டும் அடையாளங்கள் மட்டும் உண்மையானவை. தெளிந்த ஊற்று திடீரென்று கலங்கி வரும், அல்லது ஒரேயடியாக நின்றுபோகும். புதிய இடத்தில் தண்ணீர் கசியும். மரங்கள் சாயும். சுவரில் வெடிப்பு விரியும், கதவு நிலையில் இறுகித் திறக்க மறுக்கும். மாறன் அன்று மாலையே ஊற்றுத் தண்ணீரைக் கையில் அள்ளிப் பார்த்தான். கலங்கி இருந்தது. பார்த்தும்தான் தப்பை இறக்கி வைத்தான். ஏன் என்று நான் இன்னும் எழுதவில்லை.

8 மார்ச், சனி

எழுதாமல் இருந்த காரணம் எனக்குத் தெரியும்.

அப்போது எனக்குப் பதினொரு வயது. பள்ளி விட்டு வரும் வழியில் தேயிலை மலைக்கு நடுவே ஒரு வாகை மரம். அதில் குளவிக்கூடு, கவிழ்த்த பானை மாதிரி. கூட யாரும் இல்லை, யாரும் சவால் விடவும் இல்லை. கல்லை எடுத்து எறிந்தேன். முதல் கல் படவில்லை. இரண்டாவது கல் இன்றைக்கும் கையில் இருப்பது போலத் தெரிகிறது. உள்ளங்கைக்கு அளவெடுத்தது மாதிரி, ஒரு பக்கம் பாசி பிடித்து, ஈரமாக.

கீழே கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவர்களை நான் பார்க்கவில்லை. அலறல் கேட்டதும் ஓடி வந்து காம்பராவுக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொண்டேன். குளவி ஒன்று கொட்டினால் அந்த வாடைக்கே மற்றதெல்லாம் வந்துவிடும். நாலு பேரை லொறியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஒருவர் என் அம்மாயி, அம்மாவின் அம்மா.

மறுநாள் பார்க்கப் போனேன். முகம் வீங்கி இரண்டு கண்ணும் மூடியிருந்தது. என் குரலைக் கேட்டதும் கையைத் துழாவி என் தலையைத் தொட்டு, "நீ எங்கடா இருந்த? ஒன்னய ஒண்ணும் கொட்டலயே?" என்று கேட்டார்.

"வீட்டுலதான் இருந்தேன் அம்மாயி" என்றேன்.

அதற்குப் பிறகு மூன்று வருடம் இருந்தார். மலைக்கு வேலைக்குப் போகவே இல்லை. இஸ்தோப்பில், வாசல் திண்ணையில் உட்கார்ந்து, காதுக்குள் குளவி இரைகிறது என்பார். நான் ஒருநாளும் சொல்லவில்லை. அவர் போன பிறகு அம்மாவிடமும் சொல்லவில்லை.

தூவிக்கு மண்ணுக்கடியில் இருப்பவர்கள் பேசுவது கேட்கும் என்று எழுதினேனே, அதை எங்கிருந்து எடுத்தேன் என்று இன்றுதான் புரிகிறது. மாறன் ஏன் தப்பை இறக்கி வைத்தான் என்பதற்கு நான் மூன்று காரணம் யோசித்து வைத்திருந்தேன். காதல், பழி, ஒரு சாபம். மூன்றையும் இன்று அடித்துவிட்டேன். கை வலித்தது, இறக்கி வைத்தான். ஒரு நிமிடம்தானே என்று நினைத்தான். அவ்வளவுதான்.

9 மார்ச், ஞாயிறு

எழுதவில்லை. மத்தியானம் மழை, இந்த வருடத்தின் முதல் இடிமழை.

14 மார்ச், வெள்ளி, விடியற்காலை

நேற்றுப் போயா, பௌர்ணமி. இரவு முழுக்கக் கூத்து நடக்கும் காமன் பொட்டலில் இருந்துவிட்டு இப்போதுதான் வந்தேன். தூக்கம் வருவதற்குள் எழுதிவிட வேண்டும்.

மன்மதன் எரிந்தது நள்ளிரவு தாண்டி. அதன் பிறகு ரதி அழ ஆரம்பித்தாள். வேடம் கட்டியவர் பகலில் பக்டரியில் வேலை செய்யும் அண்ணன் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் வளையல் கையை மார்பில் அறைந்துகொண்டு அவர் முதல் அடியை எடுத்ததும் பெண்கள் பக்கம் விம்மல் கேட்டது. போன ஐப்பசியில் மகனைப் பறிகொடுத்த பெரியம்மா எழுந்து போய் வேறொரு பெண்ணின் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைத்தார். அந்தப் பெண் அழுதது தன் அம்மாவுக்காக. எழவு வீட்டிலும் இப்படித்தானே, அவரவர் செத்தவர்களைச் சொல்லித்தான் கட்டிப்பிடித்து அழுவார்கள். பக்கத்தில் இருப்பவள் வேறு யாருக்காகவோ அழுகிறாள் என்பது யாருக்கும் குறையாகத் தெரிவதில்லை.

நான் தேத்தண்ணி குடிக்கப் பின்பக்கம் போனேன். மன்மதன் வேடம் கட்டிய தம்பி அங்கே இருட்டில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அரிதாரம் பாதி கலைந்திருந்தது. கையில் கோப்பை ஆறிப்போயிருந்தது. ரதி தன் பெயரைச் சொல்லி அழுவதைக் கேட்டுக்கொண்டு அவனும் அழுதுகொண்டிருந்தான். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை.

அப்போதுதான் தப்பைக் கவனித்தேன். மணிக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருந்தும் காதில் விழாமல் இருந்தது அது. ரதி ஓர் அடி பாடி மூச்சு வாங்கும் இடத்தில் தப்பு ஒரே ஓர் அடி விழுகிறது. சமாதானம் சொல்வது போல இல்லை. கேட்டேன், இருக்கிறேன், அடுத்ததைச் சொல் என்பது போல.

15 மார்ச், சனி

பதினோராவது அத்தியாயம் முடிந்தது. எட்டாவது பிரதி. முழுதும் அடுத்த வாரம் போடுகிறேன், இப்போதைக்கு இந்தத் துண்டு:

மாறன் வந்து நின்றான். தூவி திரும்பவில்லை. மண்ணில் காதை வைத்துப் படுத்திருந்தாள்.

"தண்ணி கலங்கியிருந்துச்சா?" என்றாள்.

"ஆமா."

"பாத்தியா?"

"பாத்தேன்."

அவள் கை பக்கத்தில் கிடந்த கல்லை எடுத்தது. அவன் நகரவில்லை. வெகுநேரம் கல் அவள் கையிலேயே இருந்தது. பிறகு மண்ணுக்கடியில் யாரோ பேசியிருக்க வேண்டும். அவள் கல்லைப் பிடித்தபடியே சத்தமாக ஒரு பெயரைச் சொன்னாள். மாறனுக்கு அந்தப் பெயர் தெரியும். தோளிலிருந்து தப்பை இறக்கி ஒரு அடி அடித்தான். அவள் அடுத்த பெயரைச் சொன்னாள்.

விடியும்வரை பெயர்கள் வந்துகொண்டிருந்தன. அவன் அம்மாவின் பெயர் வந்தபோது அவன் கை எழவில்லை. தூவி காத்திருந்தாள். பிறகு கையிலிருந்த கல்லால் அவளே தப்பைத் தட்டினாள்.

மன்னிப்பு என்ற சொல் அத்தியாயத்தில் எங்கேயும் இல்லை. அவள் அவனை மன்னித்துவிட்டாளா என்று வகுப்பில் கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. மறுநாள் இரவும் அவர்கள் அதே இடத்துக்கு வருவார்கள் என்பது மட்டும் தெரியும்.

16 மார்ச், ஞாயிறு

காலையில் அம்மா ரொட்டி தட்டிக்கொண்டிருந்தார். அடுப்படியில் போய் உட்கார்ந்து சொல்லிவிட்டேன். வாகை மரம், முதல் கல், இரண்டாவது கல், வீட்டில்தான் இருந்தேன் என்று அம்மாயியிடம் சொன்னது, எல்லாம்.

அம்மா திரும்பவே இல்லை. கல்லில் கிடந்த ரொட்டி கருகி வாடை வந்தது. அதை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு முற்றத்துக்குப் போனார். வெகுநேரம் கழித்து உள்ளே வந்தார். கண் சிவந்திருந்தது. என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

"எந்த மரம்?"

சொன்னேன். தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, "வா, காட்டு" என்றார்.

பனி விலகாத நேரம். வழியில் ஒரு வார்த்தை பேசவில்லை, எனக்கு முன்னால் வேகமாக நடந்தார். அந்த மரத்தை எப்போதோ வெட்டிவிட்டார்கள், அடிக்கட்டை மட்டும் இருக்கிறது. அம்மா அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். அங்கிருந்து கீழே கொழுந்து மலையைப் பார்த்தார், தூரத்தை அளப்பது போல. நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அம்மா சட்டென்று என் மணிக்கட்டைப் பிடித்தார். அடுத்த மரத்தைக் கண்ணால் காட்டினார். கறுப்பாக, கவிழ்த்த பானை மாதிரி, அங்கே புதிதாக ஒரு கூடு.

"சத்தம் போடாம வா" என்றார். லயம் வரும்வரை கையை விடவில்லை.