புல்லட்டுக்கு விட்வொர்த் ஸ்பேனர்: புது செட் வரும்வரை செய்த வேலைகள்

பொங்கல் கழிந்ததும் வந்துவிடும் என்றார் கடைக்காரர். லிங்கிச் செட்டித் தெருவில் நான் பல வருஷமாகக் கருவி வாங்கும் கடை அது. ஜலந்தர் பக்கத்துத் தயாரிப்பாளர் ஒருவர் விட்வொர்த் என்னும் பழைய ஆங்கிலேய அங்குல அளவில் புதிதாக ஒரு ஸ்பேனர் வரிசை கொண்டுவருகிறாராம். ஒரு முனை ரிங், மறுமுனை திறந்த வாய். 1/8 முதல் 1/2 வரை ஏழு அளவு. தலை மெல்லிசு. படத்தைக் கைபேசியில் காட்டினார். பார்த்த உடனே முன்பணம் கொடுத்துப் பெயரைப் பதிந்துவிட்டு வந்தேன்.

இப்போது ஆடி பிறந்துவிட்டது, செட் வரவில்லை. ஆனால் வண்டி வேலை நிற்கவில்லை. இதே நிலையில் இருக்கும் பழைய புல்லட்காரர்களுக்குப் பயன்படும் என்பதால், இந்த ஆறு மாதத்தில் நடந்ததை எழுதி வைக்கிறேன்.

வண்டி, அப்பா 1974இல் வாங்கிய புல்லட் 350. இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்ட் நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்ஸும் கூட்டு சேர்ந்தது 1955இல். திருவொற்றியூரில் புல்லட் தயாரானது அந்த ஏற்பாட்டில்தான். சரியாக அந்த நேரத்தில்தான் நம் நாடு மெட்ரிக் முறைக்கு மாறத் தொடங்கியது. 1957இல் நயா பைசா வந்தது, அப்புறம் கிலோவும் கிலோமீட்டரும் வந்தன. புல்லட்டின் நட்டு போல்ட்டுகள் மட்டும் ரெட்டிச் வரைபடத்தில் இருந்தபடி அங்குலத்திலேயே வெகுகாலம் நின்றுவிட்டன. அப்பாவின் வண்டி அந்தக் காலத்தது.

விட்வொர்த் ஸ்பேனரை முதன்முதலில் கையில் எடுப்பவர் குழம்பாமல் இருக்க முடியாது. 1/4 என்று பொறித்திருக்கும், வாயை அளந்தால் அரை அங்குலத்துக்கும் மேலே இருக்கும். அந்த எண் வாயின் அகலம் இல்லை. எந்தப் போல்ட்டுக்கு உரியதோ அந்தப் போல்ட்டின் தண்டு விட்டம். 1841இல் ஜோசப் விட்வொர்த் மரைக்கு ஒரு பொது அளவு வகுத்ததிலிருந்து வரும் பழக்கம் இது. அதோடு, இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் எஃகை மிச்சப்படுத்த போல்ட் தலைகளை ஒரு அளவு குறைத்தார்கள். அதனால்தான் ஒரே வாயில் 1/4W என்றும் 5/16BS என்றும் இரண்டு பெயர் இருக்கும்; W பழைய தலைக்கு, BS குறைத்த தலைக்கு.

பிப்ரவரி முழுக்க அளவெடுப்பதிலேயே போனது. வெர்னியர் அளவுகோலும் ஒரு நோட்டும் வைத்துக்கொண்டு, வண்டியில் கண்ணுக்குத் தெரிந்த ஒவ்வொரு நட்டையும் அளந்து எழுதினேன். செட் கையில் இருந்திருந்தால் இதைச் செய்திருக்கவே மாட்டேன், நேராகக் கழற்றத் தொடங்கியிருப்பேன். அளந்த பிறகுதான் மூலைகள் ஏன் இப்படி மழுங்கின என்று புரிந்தது. 1/4W வாய் 13.3 மி.மீ. 13 ஸ்பேனர் ஏறாது. 14 ஏறும், ஆனால் அரை மில்லிக்கும் மேலே ஆட்டம். 3/16W என்றால் 11.3, அங்கே 12ஐப் போட்டிருக்கிறார்கள். 5/16W 15.2, அதற்கு 16. ஆட்டம் இருந்தால் ஸ்பேனர் நட்டின் பக்கத்தில் உட்காராமல் மூலையில் தொற்றிக்கொண்டு நிற்கும். முழு விசையும் அந்த ஒரு கோட்டில்தான் இறங்கும். ஐம்பது வருஷமாக இந்த வண்டியைத் தொட்ட ஒவ்வொரு கையும் மூலையில் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவிக்கொண்டு போயிருக்கிறது, என் கையும் சேர்த்துத்தான். பத்து வருஷம் முன்பு எங்கள் தெரு மெக்கானிக், “தம்பி, பதினாலு போடாதீங்க, நட்டு அழும்” என்பார். அன்றைக்கு அவசரத்தில் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஒரு நல்ல செய்தியும் கிடைத்தது. 3/8W வாய் 18.03 மி.மீ. சாதாரண 18 ரிங் ஸ்பேனர் அதில் கச்சிதமாக உட்காருகிறது. அந்த ஓர் அளவுக்கு யாரும் காத்திருக்க வேண்டியதில்லை.

மார்ச்சில் இரண்டு ஞாயிறு புதுப்பேட்டையில் அலைந்தேன். பழைய இரும்புக் குவியலுக்குள் விட்வொர்த் இன்னமும் கிடைக்கிறது. டபுள் எண்டு நான்கு, ரிங் ஒன்று எடுத்தேன். வெர்னியரைக் கையோடு கொண்டுபோனது நல்லதாகப் போயிற்று. பார்வைக்கு நன்றாக இருந்த ஒரு 1/4 வாயை அளந்தால் 13.8 காட்டியது. யாரோ பைப்பை மாட்டி நெம்பி விரித்திருக்கிறார்கள். அதை அங்கேயே வைத்துவிட்டேன். பழைய ஸ்பேனர் வாங்குகிறவர்கள் துருவைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், துருவைத் தேய்த்து எடுத்துவிடலாம். விரிந்த வாயைத்தான் ஒன்றும் செய்ய முடியாது.

அடுத்த சிக்கல் டேப்பட், அதாவது வால்வு இடைவெளியைச் சரிசெய்யும் இடம். புல்லட்டில் வலது பக்கம் ஒரே நட்டில் நிற்கும் சின்ன மூடியைக் கழற்றினால், வால்வுகளை இயக்கும் நீளக் கம்பிகளான புஷ்ராடுகளின் அடிமுனை தெரியும். இரண்டிலும் ஹெக்ஸ்கள் (ஸ்பேனர் பிடிக்கும் அறுகோணங்கள்) நெருக்கமாக அடுக்கி இருக்கும். ஒன்றைப் பிடித்துக்கொண்டு, அளவு நகராமல் பூட்டி வைக்கும் லாக் நட்டைத் தளர்த்தி, மற்றொன்றைத் திருப்ப வேண்டும். சாதாரண ஸ்பேனரின் தலை ஆறு மில்லி தடிமன், பக்கத்து ஹெக்ஸையும் சேர்த்துக் கவ்விக்கொள்ளும். வண்டியோடு வந்த மெல்லிய ஸ்பேனர்கள் எப்போதோ தொலைந்துவிட்டன. புது செட்டில் தலை மெல்லிசு என்றதும் நான் முன்பணத்தை நீட்டியது இதற்காகத்தான்.

ஏப்ரலில், நாமே தேய்த்துப் பார்ப்போம் என்று முடிவு செய்தேன். முதல் ஸ்பேனர் வீணானது. சாணைச் சக்கரத்தில் அழுத்திப் பிடித்துவிட்டேன். ஓரம் நீலமாகி, நீலம் தாண்டிச் சாம்பல் நிறத்துக்குப் போய்விட்டது. அந்த அளவு சூடு கண்டால் எஃகின் பதம் இறங்கிவிடும். மறுநாள் ஒரு நட்டில் மாட்டி அழுத்தினேன், வாய் அப்படியே விரிந்தது.

இரண்டாவதில் அவசரப்படவில்லை. மூன்று நொடி சாணை, உடனே தண்ணீர். கையால் தொட்டுப் பார்த்து, சூடு பொறுக்கும் அளவில் இருந்தால் மட்டும் மறுபடி சாணை. இரண்டு பக்கமும் ஒரு மில்லி எடுத்து, தலையை நான்கு மில்லிக்குக் கொண்டுவர ஒரு மாலைப்பொழுது முழுசாகப் பிடித்தது. இன்னொரு ஸ்பேனரை 13 மெட்ரிக்கிலிருந்து செய்தேன். அதன் வாய் 13.1 இருந்தது. வைர அரம் போட்டு 13.4 வரை விரித்தேன். சாதாரண அரம் குரோம் பூச்சின் மேல் வழுக்கிக்கொண்டே போனது, வைர அரம்தான் பிடித்தது. இரண்டு பக்கமும் மாறி மாறித் தேய்க்க வேண்டும், இல்லாவிட்டால் வாய் கோணிவிடும். பத்து இழுப்புக்கு ஒரு தடவை வெர்னியரில் பார்த்துக்கொண்டேன்.

மே மாதத்தில் ஒருநாள், விடியற்காலையில் எஞ்சின் முழுக்கக் குளிர்ந்திருக்கும்போது டேப்பட் மூடியைத் திறந்தேன். பிஸ்டனை கம்ப்ரஷன் அடியின் உச்சிக்குக் கொண்டுவந்து நிறுத்தினேன். மெல்லிய ஸ்பேனர்கள் ஹெக்ஸ்களுக்கு நடுவில் ஒன்றையொன்று இடிக்காமல் நுழைந்தபோது எனக்கு வந்த நிம்மதியைச் சொல்லத் தெரியவில்லை. புல்லட்டில் இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் தேவையில்லை. புஷ்ராடு விரலால் உருட்டினால் லேசாகச் சுற்ற வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது. லாக் நட்டை இறுக்கும்போது அளவு கொஞ்சம் நகரும், அதனால் எக்ஸாஸ்ட் பக்கத்தை மூன்று தடவை செய்ய வேண்டியிருந்தது. உதைத்ததும் இரண்டாவது கிக்கில் பிடித்தது. தலைப்பக்கம் இருந்த டக் டக் சத்தம் போய்விட்டது. அம்மா உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து, “உங்கப்பா ஓட்டின மாதிரியே கேக்குதுடா” என்றார்.

அப்படியானால் செட் இன்னும் எதற்கு என்று வீட்டில் கேட்டார்கள். ரிங்குக்காகக் காத்திருக்கிறேன். நான் தேய்த்த இரண்டும் திறந்த வாய். அவை இரண்டே பக்கத்தில் பிடிக்கும். புது ரிங்கின் உள்பக்கம், மூலையில் படாமல் சற்றுத் தள்ளி நட்டின் தட்டையான பகுதியில் அழுத்தும்படி வளைத்து வெட்டியிருக்கிறார்கள். பாதி மழுங்கிய நட்டைக் கழற்ற அந்த வடிவம் வேண்டும். என் வண்டியில் சிலிண்டர் அடியில் அப்படி இரண்டு நட்டுகள் இருக்கின்றன. வாய் 15 டிகிரி சாய்ந்திருப்பதால் ஸ்பேனரைத் திருப்பித் திருப்பிப் போட்டு நெருக்கமான இடத்திலும் வேலை செய்யலாம்தான். இந்த இரண்டில் அதைச் செய்தால் மிச்சமிருக்கும் மூலையும் போய்விடும்.

ஜூனில் கடைக்காரரைக் கூப்பிட்டு, “அண்ணாச்சி, விலைப்பட்டியல்ல ரிங்கோட வெளி விட்டம் போட்டிருக்கா?” என்று கேட்டேன். தேடிப் பார்த்துச் சொன்னார், 1/4க்கு 20 மி.மீ. அட்டையில் அதே விட்டத்துக்கு ஒரு வட்டம் வெட்டி, நடுவில் துளை போட்டு, சிலிண்டர் அடியில் நட்டின் மேல் வைத்துப் பார்த்தேன். ஒரு நட்டில் தாராளமாக உட்கார்ந்தது. இன்னொன்றில் சிலிண்டரைக் குளிர்விக்கும் தகடான ஃபின்னை உரசிக்கொண்டு, தாள் கனம் இடைவெளியில் நுழைந்தது. புதுப்பேட்டையில் வாங்கிய பழைய ரிங்கின் வெளி விட்டம் 23, அது அங்கே போகவே போகாது.

நேற்றும் பேசினேன். சரக்கு டெல்லிக்கு வந்துவிட்டது என்கிறார். முன்பணத்தைத் திரும்பக் கேட்கவில்லை. அந்த இரண்டு நட்டுகளையும் கம்பித் தூரிகையால் சுத்தம் செய்துவிட்டேன். தினமும் ராத்திரி வண்டியை மூடும் முன், மரையில் இரண்டு சொட்டு டீசல் விட்டு வருகிறேன்.